பலாப்பழக் கடைக்கால்

வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது எவ்ளோ வெயிட் தாங்கும்?" மேலே இன்னொரு மாடி எடுத்தால் தாங்குமா, தண்ணீர்த் தொட்டி வைத்தால் தாங்குமா, மொட்டை மாடியில் ஊரையே உட்கார வைத்துச் சோறு போட்டால் தாங்குமா. மேலிருந்து கீழே வருவதைப் பற்றி மட்டும்தான் மனிதர்களுக்குக் கவலை. பக்கவாட்டில் இடித்தால் என்ன ஆகும் என்று இதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை. காற்று பக்கத்திலிருந்துதான் வருகிறது. பூமி அதிர்ந்தால் பக்கவாட்டில்தான் ஆட்டுகிறது. மழையில் ஊறிய மண் சுவரைப் பக்கத்திலிருந்துதான் தள்ளுகிறது. உறவுக்காரர்களும் அப்படித்தான்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிற சின்ன டிசைன் ஆபீஸில் எனக்கு வேலை. அஸ்திவாரத்துக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் கடைக்காலுக்கு, கணக்குப் போடுவேன். எதைப் பார்த்தாலும் அது நிற்கிறதா என்பதைவிட எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். இது ஒரு வியாதி. திருவிழாவுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் சீரியல் லைட் தட்டியை எதில் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கொடுத்த பீரோவை எங்கள் வீட்டுச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்து, முதல் சண்டையை வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனெண்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். பேச்சு ரொம்பக் குறைவு. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன் என்று அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், போகிற இடமெல்லாம் சொல்லுவார். "தூங்கும்போது கூட அவளுக்கு வாய் மூடாது" என்பது அவர் சான்றிதழ். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே தம்பி. அவனும் சுரங்கத்தில்தான் வேலை பார்க்கிறான், ஆனால் காண்ட்ராக்ட். எங்கள் ஊரில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய மதில் இருக்கிறது. என் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று, வீடு நிறைய ஆள் இருக்கும்போது, தம்பி பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வாயில் வைத்த நேரம் பார்த்து, நாத்தனார் கேட்டார். "ஏம்பா, நீ இன்னும் காண்ட்ராக்ட்தானா? பர்மனெண்ட் ஆவறதுக்கு வழியே இல்லியா?"

அவர் கெட்ட மனசோடு கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தம்பி பாயசத்தை விழுங்கினான், இலையை மூடினான், போய்விட்டான். அதற்கப்புறம் அவன் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசப்படி ஏறவில்லை. தீபாவளிக்கு பட்டாசு கொண்டுவருவான், மகளுக்கு கவுன் கொண்டுவருவான், எல்லாம் கேட்டுக்கு வெளியே. வண்டியின் இன்ஜினைக்கூட நிறுத்தமாட்டான். "உள்ள வாடா" என்பேன். "டைமாச்சிக்கா" என்பான். அவன் போனபிறகு அடுப்படியில் நின்று நான் அழுததுண்டு. வெங்காயம் நறுக்குகிறேன் என்று கணவர் நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்வார்.

மகளுக்குக் காது குத்த வேண்டிய காலம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தம்பியைத் தவிர்த்துவிட்டு இதைச் செய்ய வழியில்லை என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம். அவனும் உடனே ஒத்துக்கொண்டான், ஒரே ஒரு நிபந்தனையோடு. விசேஷம் அவன் மனையில்தான் நடக்க வேண்டும்.

மந்தாரக்குப்பத்தின் ஓரத்தில் அவன் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தான். பக்கத்திலேயே ஒரு அம்மன் கோயில். ஆடி மாதம் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, அங்கேயே காது குத்தி, மனையில் பந்தல் போட்டுக் கறிச்சோறு. எனக்கு இதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. பிறகுதான் அடுத்த செய்தியைச் சொன்னான்.

"பேனர் வெக்கிறேன்க்கா. ரோட்லேந்து பாத்தாவே தெரியணும். புதுசா நிக்குது பாரு ரெண்டு பில்லரு, அதுல கட்டிட்டா சோலி முடிஞ்சிது."

பில்லர் நிற்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் கணக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான். குழியின் அடியில் அகலமான மேடை மாதிரி புட்டிங் கான்கிரீட் போட்டு, கொஞ்சம் மேலே எழுப்பி, குழியில் மண்ணை அடித்துத் திமிசு போட்டு இறுக்கி, எல்லாவற்றையும் தரைமட்டத்தில் சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டைச் சுற்றிலும் ஓட்டி, அதற்கப்புறம்தான் பில்லரை மேலே ஏற்ற வேண்டும் என்று தெளிவாக வரைந்து கொடுத்திருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், முன்பக்கத்து இரண்டு பில்லர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழு உயரத்துக்கு நிற்கிறது. அடியில் குழி இரண்டும் இடுப்பளவுக்குத் திறந்தே கிடக்கிறது. பெல்ட் இல்லை. மேஸ்திரியும் இல்லை. ஆடி பிறந்ததும் வேலையை நிறுத்திவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார்.

"ஏன்டா, வரிசை மாத்தி ஏன்டா ஏத்தின?"

"மேஸ்திரி வேணாம்னுதான் சொல்லிகினு இருந்தாரு. நான்தான் ஏத்துங்கன்னேன். மாமா வூட்டு ஆளுங்கல்லாம் வராங்க. வெறும் குழியக் காட்டியா காது குத்தறது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்தது, அவன் சொன்ன காரணம் அப்படி. இருந்தாலும் விடவில்லை. இந்தப் பில்லரில் பேனர் கட்டக் கூடாது என்றேன்.

"ரெண்டு மாடிக்குக் கணக்குப் போட்டன்னு நீதான சொன்ன? ஒரு துணி தாங்காதா?"

பாருங்கள், அதே கேள்வி. கூடப் பிறந்தவனே கேட்கிறான். நான் பொறுமையாக விளக்கினேன். நீ வடலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறாய், டிரைவர் பிரேக் போடுகிறான், உன்னைத் தள்ளுவது உன் எடையா? எடை உன்னைத் தரையில் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. தள்ளுவது பக்கத்திலிருந்து வருவது. வீட்டுக்கும் அதே கதைதான். கூரையும் சுவரும் குழியில் அடித்த மண்ணும் சேர்ந்து அஸ்திவாரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை காற்று வந்து தள்ளினாலும் அது அசையாது. இப்போது உன்னிடம் வீடு இல்லை, மண் இல்லை, இரண்டு பில்லர்தான் இருக்கிறது. அதன் தலையில் பாய்மரம் மாதிரி ஒரு பேனரைக் கட்டினால் ஆடிக் காற்று பில்லரை அஸ்திவாரத்தோடு அப்படியே நெம்பிவிடும். பேனர் போனால் போகட்டும், புட்டிங் சாய்ந்துவிட்டால் அந்தப் பில்லரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உன் வீட்டின் தலைவாசல் அங்கே வரவேண்டும்.

அவன் எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், "அப்ப பேனரு வேணாங்கிற" என்றான். குரல் அப்படியே கேட்டுக்கு வெளியே நிற்கிற குரல் ஆகிவிட்டது. இன்ஜின் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"வேணாம்னு யாருடா சொன்னா? கணக்குப் போட்டுச் சொல்றேன்னு சொன்னேன்" என்றேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீஸில் சாம்பார் சாதத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பேனரின் அகலம், உயரம், ஆடிக் காற்று, தரையிலிருந்து தூரம். கவிழ்க்கப் பார்க்கிற பக்கம் ஜெயித்தது. எதிர்ப்பக்கத்தில் எடை வேண்டும். குழியில் மண்ணை அடித்துவிட்டால் முடிந்தது கதை. தம்பிக்குப் போன் செய்தேன்.

"தோண்டின மண்ணு எங்கடா?"

"பந்தலுக்குத் தரையில கொட்டி மட்டம் பண்ணிட்டோமே. அது மேல பந்தி பாய்கூட விரிச்சாச்சி."

"மணல்?"

"ஆடியில மேஸ்திரி லோடு எதுவும் எறக்கலக்கா."

"செங்கல்லு?"

"அடுப்புக்கு நாலு வாங்கியாந்தது இருக்கு."

"வேற என்னதான் இருக்கு உன்கிட்ட?"

"பலாப்பழம் வருது. பண்ருட்டிலேந்து ஒரு டெம்போ. மாமன் சீரு. வரவங்களுக்கெல்லாம் வூட்டுக்கு ஒரு பழம் குடுத்து அனுப்பப்போறேன்."

போனை வைத்துவிட்டுச் சாம்பார் சாதத்தைத் தள்ளிவைத்தேன். அஸ்திவாரத்துக்கான விதிமுறைப் புத்தகங்கள் எல்லாம் என் மேஜையில் இருந்தன. மண்ணின் எடை இருக்கிறது, கருங்கல்லின் எடை இருக்கிறது, தண்ணீர்கூட இருக்கிறது. பலாப்பழம் எதிலும் இல்லை. பண்ருட்டியைச் சுற்றி இவ்வளவு பலா விளைகிற நாட்டில் இது எப்படி விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. ஆபீஸ் பையனை அனுப்பி ஒரு பழம் வாங்கி வரச் சொல்லி, கீழே பாத்திரக் கடைத் தராசில் எடை பார்த்தேன். கடைக்காரர் பித்தளைக்குப் பழமா கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்.

விசேஷத்துக்கு முதல் நாள் டெம்போ வந்தது. பழங்களை இரண்டு குழிகளிலும் புட்டிங் மேல், காற்று வரும் பக்கத்து ஓரமாக நெருக்கி அடுக்கச் சொன்னேன். காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று டெம்போக்காரர் நக்கலாகக் கேட்டார். அதையும் நான் யோசித்துப் பதில் சொன்னேன். குழி நிரம்பியது. தம்பிக்கும் இது பிடித்துப்போயிற்று, நிழலில் பழம் வாடாமல் இருக்கும் என்று. அவன் நம்பியது அந்தக் காரணத்தைத்தான்.

இன்னொரு வேலையும் செய்தேன். ஒரு பில்லரின் பின்பக்கம், உச்சியில் ஒரு கட்டையைச் செருகி, அதிலிருந்து, மேஸ்திரிகள் நேர் பார்க்கிற தூக்குகுண்டைத் தொங்கவிட்டேன். அடியில் கயிற்றுக்கும் பில்லருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. காற்று பின்னாலிருந்து தள்ளி, பில்லர் ரோட்டுப் பக்கம் சாய ஆரம்பித்தால் அந்த இடைவெளி குறுகும். காற்றில் குண்டு ஆடாமல் இருக்க, குழிமேல் பலகை போட்டு, ஒரு வாளித் தண்ணீரை வைத்து, குண்டை அதற்குள் முக்கிவைத்தேன். பேனர் விழக்கூடிய பக்கத்தில் ஆள் போகாதபடி கயிறும் கட்டினேன். பிறகு பேனரைச் சவுக்குக் கம்பில் இழுத்துக் கட்டி ஏற்றினார்கள். அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

நடுவில் என் மகள். அவளைச் சுற்றி இரண்டு பக்கத்துச் சொந்தமும் வட்ட வட்டமாக. நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் நல்ல இடத்தில், நல்ல அளவில். யாரும் குறை சொல்ல முடியாது. இடது உச்சியில் தம்பி, கறுப்புக் கண்ணாடியோடு. வலது உச்சியில் அதே அளவுக்கு நான், கல்லூரிப் பட்டமளிப்புப் படத்தில். கீழே 'எங்கள் வீட்டு இன்ஜினியர்' என்று எழுதியிருந்தது. காற்றுக்கு அதிகம் மாட்டுகிற உச்சியில் இவ்வளவு பெரிய மூஞ்சியா என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது. "என்னக்கா, நல்லால்லியா?" என்றான். நல்லா இருக்குடா என்றேன்.

மறுநாள் காலை நாத்தனார் பட்டாளத்தோடு வந்து இறங்கினார். தூக்குகுண்டைத்தான் முதலில் பார்த்தார்.

"திருஷ்டிக்குக் கட்டினியா? பரவால்லியே, உனக்குக்கூட இதெல்லாம் தெரியுதே."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாளிக்குள் மஞ்சள் தூளைப் போட்டுவிட்டார். அடுத்து வந்த ஒரு பெரியம்மா வேப்பிலையைப் போட்டார். யாரோ கயிற்றில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டார்கள். பத்து மணிக்குள் வாளிக்கு முன்னால் சூடம் எரிந்தது. அதையெல்லாம் தாண்டித் தூக்குகுண்டு நேராகத்தான் தொங்கியது, மூன்று விரல் மூன்று விரலாகவே இருந்தது. ஆபத்துக்காக நான் கட்டிவைத்த கயிற்றில் ஈர வேட்டி இரண்டு காய்ந்துகொண்டிருந்தது.

காது குத்து நல்லபடியாக நடந்தது. நல்லபடி என்றால், ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் மகள் தம்பியின் கையைக் கடித்தாள், இன்னொரு காதைக் குத்தியதும் இன்னொரு கையைக் கடித்தாள். அவன் கடிபட்ட இரண்டு கையாலும் அவளை அணைத்துக்கொண்டு, "கடிடா கண்ணு, மாமன் கையிதான" என்று சிரித்துக்கொண்டே இருந்தான். நாத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் அவர் நிற்கிற பக்கம் திரும்பவில்லை. சோறு போடும்போது மட்டும் "ஏங்க, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க" என்றான். யாரைச் சொன்னான் என்று இலைக்கே தெரியாது.

பந்தி முடியும்போது காற்று எடுத்தது. ஆடிக் காற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு, சாப்பிட்டு முடித்தவர்களை எழுப்பிவிடத்தான் வரும். பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது. தம்பியின் கறுப்புக் கண்ணாடி உப்பி உப்பி இறங்கியது. நான் கையைக்கூடக் கழுவாமல் தூக்குகுண்டுக்கு ஓடினேன். மூன்று விரல். பழம் வேலை செய்கிறது. எனக்கு வந்த பெருமையை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் நாத்தனார் பையோடு நிற்கிறார். "எங்க வூட்டுக்காரருக்கு செகண்ட் ஷிப்டு. நாங்க கெளம்பறோம். பழத்தக் குடு" என்றார். அவருக்குப் பின்னால் அவர் வகையறா மொத்தமும் பைகளை விரித்துக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில்தான் என் கணக்கில் ஓட்டை. காற்றை எழுதினேன், உயரத்தை எழுதினேன், பழத்தின் எடையை எழுதினேன். விருந்தாளிகள் வீட்டுக்குப் போவார்கள் என்பதை எழுதவில்லை. அஸ்திவாரத்தைப் பைபையாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்.

"அண்ணி, கொஞ்சம் இருங்க. இப்ப வேணாம்."

"ஏன்?"

"காத்து அடிக்குதுங்க."

"காத்து அடிச்சா பலாப்பழத்த எடுக்கக் கூடாதா? எந்த ஊரு சாஸ்திரம் இது?"

"பேனரு எறக்கினதும் நானே வூட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறேங்க."

நாத்தனாரின் முகம் சுருங்கியது. பின்னால் நின்ற பைகள் ஒவ்வொன்றாக மூடின. "அப்ப எங்களுக்கு ஒரு பழம் குடுக்கறதுக்கு மனசு வரல. சரி. எங்க தம்பிய கட்டிகினு நல்லா இருந்தா போதும்."

இதைத் தம்பி கேட்டுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் நான் செய்தது எனக்கே புரிந்தது. அவன் சீர், அவன் மனை, அவன் பழம். அதை அவர்களுக்கு இல்லை என்று சொன்னவள் அவன் அக்கா. "தள்ளுக்கா" என்று என்னை ஒதுக்கிவிட்டுக் குழிக்குள் குதித்தான். இருப்பதிலேயே பெரிய பழமாகப் பார்த்துப் பார்த்துத் தூக்கினான். "வாங்கிக்கோங்க. ஏங்க, இதையும் எடுத்துக்கோங்க. ரெண்டா எடுத்துக்கோங்க." ரோஷத்தில் அவன் அள்ளி அள்ளிக் கொடுக்கக் கொடுக்க அஸ்திவாரம் எழுந்து பைக்குள் போனது.

தூக்குகுண்டைப் பார்த்தேன். இரண்டரை விரல்.

கணவர் வெற்றிலையோடு பந்தல் காலில் சாய்ந்திருந்தார். "ஏங்க, அந்தக் குழியில எறங்கி உக்காருங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்னோடு குடித்தனம் நடத்துகிறவர் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, புட்டிங் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காற்று வரும் ஓரத்துக்கு நகரச் சொன்னேன், நகர்ந்தார். நல்ல கனம்தான். ஆனால் அவர் நாலைந்து பழத்துக்குத்தான் ஈடு, பழம் வாங்க அவர்களோ தெருவே வந்தமாதிரி நிற்கிறார்கள்.

"அடிப் பாவி, எங்க தம்பிய ஏன் குழியில எறக்கின?" என்றார் நாத்தனார்.

இரண்டு விரல். பேனரை அறுத்து இறக்கிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தம்பியின் பேனர் தரையில் விழ வேண்டும். அவன் ஜென்மத்துக்கும் என் வாசப்படி ஏறமாட்டான். விட்டுவைத்தால் பில்லர் போகும், அவன் தலைவாசல் போகும். எடையைக் கூட்ட முடியாது என்றால் தள்ளுவதைக் குறைக்க வேண்டும். காற்றுக்கு வழி விட வேண்டும். உச்சியில் விட்டால்தான் பலன் அதிகம்.

பலாப்பழம் நறுக்க நல்லெண்ணெய் தடவி வைத்திருந்த கத்தியை எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவையை இழுத்துச் செருகி, ஏணியைப் பில்லரில் சாய்த்து ஏறினேன். மேலே போனதும்தான் அடுத்த பிரச்சினை. எங்கே கிழிப்பது? இடது உச்சியில் தம்பி, அது முடியாது. நாத்தனாரில் ஒரு நூல் அறுந்தாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. பெரிய மாமனாருக்கு மாலை போட்டிருக்கிறது. நெருக்கி நெருக்கி மூஞ்சி, காற்றுக்கென்று ஒரு சாண் வெற்றிடம் விட்டிருந்தால்தானே. கேட்பாரில்லாத மூஞ்சி அதில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் வீட்டு இன்ஜினியர்.

"அக்கா, வேணாம்க்கா" என்று தம்பி குழியிலிருந்து ஏறி வந்து கத்தினான்.

நெற்றியில் ஒரு அரைவட்டம். கன்னத்தில் இரண்டு. பட்டமளிப்பு அங்கியில் நீளமாக மூன்று. கடைசியாக உதட்டுக்குக் கீழே, கத்தி போகிற அளவுக்குப் பெரிதாக ஒன்று. காற்று கிழிசல் வழியாக விசிலடித்துக்கொண்டு போனது. பேனரின் படபடப்பு தணிந்தது. "எவ்ளோ இருக்கு பாருங்க" என்றேன். கணவர் குழியிலிருந்து எட்டி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டேகால். குறையல" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு. எனக்கு அது போதும்.

ஏணியை விட்டு இறங்கினேன். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். ஒவ்வொரு காற்றுக்கும் பேனரில் என் வாய் திறந்து மூடியது. திறந்தது, மூடியது. வேகமாக அடித்தால் வேகமாக, மெதுவாக அடித்தால் யோசித்து யோசித்து. மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டே இருந்தேன்.

நாத்தனார்தான் முதலில் சிரித்தார். இடுப்பில் இருந்த பலாப்பழம் நழுவ நழுவச் சிரித்தார். "ஐயோ, இப்பதான் அச்சு அசலா இருக்கா" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றவனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, சின்ன வயசிலயும் உங்கக்கா இப்படித்தானா?"

பக்கத்தில் நின்றவன் தம்பி. "இதவிட ஜாஸ்திங்க" என்றான். "பள்ளிக்கூடத்துல இவ பேச்ச தாங்கமாட்டாம எங்கப்பாவ வரசொல்லி எழுதுவாங்க." அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் என் வாயைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நாத்தனாரின் பழத்தை அவன் வாங்கி ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனான். அங்கேயும் நின்று என்னவோ பேசினார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

காற்று ஓய்ந்ததும் பேனரை இறக்கினோம். கணவரைக் குழியிலிருந்து தூக்கிவிட்டோம், கால் மரத்துப்போயிருந்தது. தம்பி பில்லரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான், புட்டிங்கை உற்றுப் பார்த்தான். வாளிக்குள் மஞ்சள் தண்ணீரில் குண்டு அசையாமல் தொங்கியது, இடைவெளி மறுபடி மூன்று விரல்.

"ஏன்க்கா உன் மூஞ்சியவே கிழிச்ச? உனக்காகத்தான அவ்ளோ பெருசா போட்டேன்."

"பெருசா இருந்ததாலதான்டா தாங்குச்சு" என்றேன்.

குழியில் கடைசியாக ஒரு பழம் மிச்சம் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் பில்லரின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வண்டியின் முன்னால் வைத்தான். "ஏறுக்கா."

"எங்க?"

"உன் வூட்டுக்குத்தான். மாமாவும் பாப்பாவும் ஆட்டோல வரட்டும். பழத்த யாரு அறுக்கறது, நீயா? இன்னிக்கி நீ கத்திய புடிச்ச வரைக்கும் போதும்."

குவார்ட்டர்ஸ் கேட் வந்ததும் வழக்கம்போல வண்டியை ஓரம் கட்டினான். நான் இறங்கி நின்றேன், வாயைத் திறந்தால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவன் வாசப்படியைப் பார்த்தான். பிறகு இன்ஜினை நிறுத்தினான். பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டு, உள்ளே போனான். போகிற வழியில் பீரோவில் மோதினான், அது அசையவில்லை. "நல்லெண்ணெ எங்கக்கா வெச்சிருக்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டான். பேனரில் பேசித் தீர்த்த நான், உள்ளே போய் வெங்காயக் கூடைக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன்.